பவளத் தொட்டியில் அலை எங்கே?

துணி துவைப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோப்புப் போட்ட சட்டையை வாளி நீரில் அமிழ்த்திவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை. அதைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியுமாக அலசுகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே சட்டையின் ஒரு மூலையை நீட்டினால் அந்த மூலையில் மட்டும் சோப்பு நீங்கும். மடிப்புக்குள் இருப்பது அங்கேயே தங்கிவிடும். அலசும்போதுதான் நீர் மடிப்புக்குள் புகுந்து வெளியேறுகிறது. வீடுதோறும் தெரிந்த இந்த உண்மையை, உயிருள்ள பவளங்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் நெடுங்காலம் கணக்கில் கொள்ளவில்லை. இன்றும் பலர் கொள்வதில்லை. இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் குற்றச்சாட்டு.

பவளத் தொட்டி என்பது வெறும் அலங்காரப் பொருள் அன்று. அதில் இருப்பவை பாறைத் துண்டுகள் அல்ல, உயிர்கள். அவற்றுள் பல, கடலில் ஒரு பவளத்திட்டிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டுப் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவை. விளக்கும் உப்பும் வெப்பநிலையும் சரியாக இருந்தும் அவை தொட்டியில் மெல்ல மெல்ல வெளுத்து மடிவதுண்டு. "பம்பு நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று வளர்த்தவர் வியப்பார். பம்பு ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் பவளத்தின்மேல் நீர் அசைகிறதா? இவ்விரண்டும் ஒன்றல்ல.

மடங்குக் கணக்கு

நீரோட்டம் போதுமா என்று கேட்டால் விற்பனையாளரும் கையேடுகளும் ஓர் எண்ணைத்தான் விடையாகத் தருகின்றனர். பம்பு ஒரு மணி நேரத்தில் இறைக்கும் நீரைத் தொட்டியின் கொள்ளளவால் வகுக்க வேண்டுமாம். 10 மடங்கு போதும் என்பார் சிலர். 20 மடங்கு வேண்டும் என்பார் வேறு சிலர். கிளைவிட்ட கல் பவளங்களுக்கு 40, 50 மடங்கு தேவை என்பாரும் உண்டு. இதை நாம் 'மடங்குக் கணக்கு' என்று அழைப்போம். எளிமையான கணக்கு, பெட்டியின்மேல் அச்சிட ஏற்ற கணக்கு. ஆனால் அது எதை அளக்கிறது என்று சற்று ஆராய்ந்து பாருங்கள்.

120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீர் ஆழமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 300 லிட்டர் நீர் இருக்கும். மணிக்கு 3,000 லிட்டர் இறைக்கும் பம்பை அதில் பொருத்துகிறோம். மடங்குக் கணக்குப்படி விடை 10. அதாவது, வினாடிக்குச் சுமார் 833 கன செ.மீ. நீர் பம்பின் வழியே செல்கிறது. இந்நீர் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராகப் பரவிச் செல்வதாகக் கொண்டால், கடக்க வேண்டிய குறுக்குப் பரப்பு 2,500 சதுர செ.மீ. எனவே நீரின் வேகம் வினாடிக்கு 0.33 செ.மீ. எறும்பு கூட இதைவிட விரைவாக ஊரும்!

இப்போது பம்பின் வாய்க்கு வாருங்கள். குழாயின் உள் விட்டம் 2 செ.மீ. என்றால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. அங்கே நீரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 265 செ.மீ. ஒரே தொட்டி, ஒரே பம்பு, ஒரே '10 மடங்கு'. ஆனால் ஒரு வேகம் மற்றதைப்போல் சுமார் 800 மடங்கு! உண்மையில் தொட்டிக்குள் நடப்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. குழாயிலிருந்து பாயும் நீர் தன்னைச் சூழ்ந்துள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. போகப்போக அகன்று தளர்கிறது. எனினும் எந்த மூலையில் என்ன வேகம் என்பதை மடங்குக் கணக்கு நமக்குச் சொல்வதே இல்லை. பவளம் பம்பின் வாய்க்கு எதிரே இருந்தால் அதன் சதை உரிந்துபோகலாம். ஒரு பாறையின் மறைவில் இருந்தால் வண்டலில் மூழ்கலாம். கணக்கேடு இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் வழங்கும்.

பவளத்தைப் போர்த்திய படலம்

பவளத்திற்கு நீரோட்டம் எதற்காக? இதைத் தெரிந்துகொண்டால்தான் எதை அளப்பது என்பதும் விளங்கும்.

பவளம் என்பது பாலிப் எனப்படும் சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் திசுக்களுக்குள் சூசான்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. பகலில் இப்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து உணவில் பெரும் பங்கைப் பவளத்திற்கு அளிக்கின்றன. அப்போது ஆக்ஸிஜன் மிகுதியாக வெளிப்படுகிறது. இரவிலோ ஒளிச்சேர்க்கை இல்லை. பாசியும் பாலிப்பும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே பகலில் மிகுந்ததை வெளியேற்றவும், இரவில் குறைந்ததை உள்வாங்கவும் பவளத்திற்குச் சுற்றியுள்ள நீரே துணை. பவளத்திற்கு நுரையீரல் கிடையாது, செவுள்களும் கிடையாது. அசையும் நீர்தான் அதன் மூச்சு.

திடப் பொருளை ஒட்டி ஓடும் நீர், அப்பொருளின் பரப்பை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, பரப்பில் அசைவற்று நின்றுவிடுகிறது. இவ்வாறு தளர்ந்துபோன மெல்லிய அடுக்குக்கு 'எல்லைப் படலம்' என்று பெயர். இப்படலத்தின் அடிப்பகுதியில் ஆக்ஸிஜன் நீரோட்டத்தால் எடுத்துச் செல்லப்படுவதில்லை. மூலக்கூறுகள் தாமே தட்டுத் தடுமாறி விரவிக் கடக்க வேண்டும். டம்ளரின் அடியில் கிடக்கும் சர்க்கரை, கலக்காவிட்டால் எவ்வளவு நேரம் அப்படியே கிடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். விரவுதல் அவ்வளவு மெதுவான நிகழ்ச்சி.

எவ்வளவு மெது? நீரில் ஆக்ஸிஜனின் விரவுதல் எண் வினாடிக்குச் சுமார் 0.00002 சதுர செ.மீ. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அசைவற்ற நீரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். படலம் பத்தில் ஒரு பங்காக, அதாவது 0.1 மி.மீ. ஆக மெலிந்தால் 4 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நூறில் ஒரு பங்குதான். அதாவது இரண்டரை வினாடி! தூரத்தின் இருமடிப் பெருக்கத்திற்கு ஏற்ப நேரம் மாறுவதே இதற்குக் காரணம். ஆகவே நீரோட்டத்தின் முதற்பணி இந்தப் போர்வையை மெலியச் செய்வது. தொட்டியின் நீரை மணிக்கு எத்தனை முறை பம்பின் வழியே அனுப்பினோம் என்பது இப்பணியோடு நேரடித் தொடர்பு இல்லாத செய்தி.

இதை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன. நீரைக் கலக்காமல் விட்டபோது பவளத்தின் ஒளிச்சேர்க்கையும் சுண்ணாம்புப் படிவும் குறைவதை டென்னிசன், பார்ன்ஸ் என்னும் அறிஞர்கள் 1988-ஆம் ஆண்டில் காட்டினர். ஒளிச்சேர்க்கையில் உண்டான ஆக்ஸிஜனைத் திசுவிலிருந்து விரைந்து வெளியேற்றுவதே ஓட்டம் செய்யும் பெரிய உதவி என்று தாலி மாஸும் உடன் உழைத்தவர்களும் 2010-இல் வெளியிட்டனர். ஆக்ஸிஜன் தேங்கினால் ஒளிச்சேர்க்கையே தடைப்படுகிறதாம்.

1998-ஆம் ஆண்டில் கடல் வெப்பம் கூடி உலகின் பல பகுதிகளில் பவளங்கள் வெளுத்தன. ஜப்பானின் ஒகினாவாப் பகுதியில் சில பவளங்கள் மடியவும் சில பிழைக்கவும் காரணம் என்ன என்று நகாமுரா, வான் வோசிக் ஆகிய இருவர் ஆராய்ந்தனர். வெப்பம் மிகுந்த நீரில் வலிய ஓட்டத்தில் வைத்த பவளங்கள், மந்தமான ஓட்டத்தில் வைத்தவற்றைவிட நன்கு தாக்குப்பிடித்ததை 2001-இல் அவர்கள் அறிவித்தனர். இங்கே ஓட்டம் என்பது அழகுக்கான ஏற்பாடு அல்ல. வாழ்வா சாவா என்பதைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்று.

ஏன் அலச வேண்டும்?

ஓட்டம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாலும் ஒரு கேள்வி எழும். வலிய பம்பு ஒன்றை வைத்து ஒரே திசையில் நீரை ஓடவிட்டால் ஆகாதா?

கிளைவிட்ட பவளத்தை ஓர் அடர்ந்த புதருக்கு ஒப்பிடலாம். ஒரே திசையில் தொடர்ந்து வரும் நீர் புதருக்குள் நுழையத் தயங்கி, அதன் மேலாகவும் பக்கவாட்டிலும் விலகிப் போய்விடும். புதரின் உட்புறத்திலும் பின்புறத்திலும் நீர் தேங்கும். அங்கே வண்டல் படியும். ஆனால் நீர் முன்னும் பின்னுமாக அலையும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு முறையும் நீர்ப்பொருள் முழுவதும் ஒருசேரத் தள்ளப்படுவதால், விலகிச் செல்ல நேரம் கிடைப்பதற்குள் அது கிளைகளுக்குள் புகுந்துவிடுகிறது. ஒரே வேகமுள்ள நேரோட்டத்தைவிட அலையோட்டம் கிளைகளுக்கு நடுவே மிகுதியான வேகத்தைத் தருகிறது என்பதை ரயன் லோவும் அவரைச் சேர்ந்தவர்களும் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். சட்டையை அலசுகிறவர் அறிந்திருந்ததும் இதுவே.

அலைபடும் பவளத்திட்டுகளின்மேல் நீர் வினாடிக்குப் பல பத்து செ.மீ. வேகத்தில் போய்வருகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வினாடிக்குள் ஒரு போக்கும் வரவும் முடிந்துவிடும். பவளத்தின் வடிவமே இதற்குச் சாட்சி. ஒரே இனத்தைச் சேர்ந்த பவளம் அலை மோதும் இடத்தில் தடித்து நெருங்கிய கிளைகளோடும், அமைதியான இடத்தில் மெலிந்து விரிந்த கிளைகளோடும் வளர்வதுண்டு. தொட்டியில் வளரும் பவளத்தின் உருவைப் பார்த்தே அதற்குக் கிடைத்த நீரோட்டத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

முன்னோர் செய்த முயற்சிகள்

இனி, அலையைத் தொட்டிக்குள் கொண்டுவர முயன்றவர்களின் வேலையை எடைபோட்டுப் பார்ப்போம்.

1960-களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடற்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளத் தொட்டி அமைத்தார். வடிகட்டிகளே எல்லாம் என்று எண்ணியிருந்த காலத்தில், கடலின் உயிர்களே நீரைத் தூய்மையாக்கும் என்று அவர் காட்டியது பெரிய துணிவு. ஆனால் எழும் குமிழி, நீரை ஓர் இடத்தில் மேலே தூக்கி வேறிடத்தில் இறக்குமே தவிர அலசாது. அவருடைய உயிரியல் அறிவு காலத்தை முந்தியது. நீரியக்கம் குமிழியோடு நின்றது.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி அடுத்த பெரும் அடியை எடுத்துவைத்தார். 1980-இல் வாஷிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் குழுவினர் அமைத்த பவளத் தொட்டியில் அலை ஓர் அடிப்படைத் தேவையாகவே கருதப்பட்டது. நிரம்பியதும் தானே கவிழும் வாளிகளைக் கொண்டு, நீரைத் தூய்மையாக்கும் பாசிப் படுகைகளின்மேல் அலையைப் பாயவிட்டார். சாதாரண பம்புகள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சிதைத்துவிடுகின்றன என்பதும் அவருடைய குறை. பவளத்திற்கு உணவாக வேண்டிய உயிர்களைப் பம்பின் சுழல் இலைகள் அரைத்துத் தள்ளுமானால், ஓட்டம் கொடுத்த கையே உணவைப் பறித்ததாகாதா? மடங்குக் கணக்கில் இக்கேள்விக்கு இடமில்லை. மடங்கு கூடக்கூட அரைபடுவதும் கூடும்!

ஹானலூலுவில் உள்ள வைக்கீக்கி மீன் காட்சியகத்தின் புரூஸ் கார்ல்சன் உருவாக்கிய அமைப்பு இன்னும் எளியது. தொட்டிக்கு மேலே ஒரு கலம். அதனுள் தலைகீழாகக் கவிழ்த்த வளைகுழாய். சிறிய பம்பு ஒன்று கலத்தை மெல்ல நிரப்புகிறது. நீர் குழாயின் வளைவுக்கு மேல் உயர்ந்ததும் சைபன் தொடங்கி, கலத்து நீர் முழுவதும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் பாய்கிறது. கலம் காலியானதும் காற்றுப் புகுந்து சைபன் அறுபடுகிறது. மறுபடியும் நிரம்பத் தொடங்குகிறது. கண்ணனின் பாதத்தைத் தொட்டதும் நீர் வடிந்துவிடும் பழைய பித்தளைக் கிண்ணத்தின் தத்துவமும் இதுதான். பம்பைத் தவிர அசையும் உறுப்பு எதுவும் இல்லை.

இதை மடங்குக் கணக்கால் மதிப்பிட்டுப் பாருங்கள், வேடிக்கை விளங்கும். மணிக்கு 1,200 லிட்டர் இறைக்கும் சிறு பம்பு, 20 லிட்டர் கலத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பும். நமது 300 லிட்டர் தொட்டிக்கு இது '4 மடங்கு', அதாவது தோல்வி. ஆனால் அந்த 20 லிட்டர் 5 வினாடியில் பாய்ந்து முடிந்தால், அந்த 5 வினாடிக்கு ஓட்டம் மணிக்கு 14,400 லிட்டர் வீதம்! கணக்கு 'தோல்வி' என்று எழுதிய அதே தொட்டியில் பவளம் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த அமைப்பிலும் குறை இல்லாமல் இல்லை. 20 லிட்டர் திடீரென்று வந்தால் தொட்டியின் நீர்மட்டம் 3.3 செ.மீ. உயரும், அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். இரைச்சலும் காற்றுக் குமிழிகளும் உப்புத் தெறிப்பும் உண்டு. மேலும், நிமிடத்திற்கு ஒருமுறை வரும் வீச்சு, பத்து வினாடிக்கு ஒருமுறை வரும் கடலலைக்கு முழு ஈடாகாது.

பெரிய தொட்டிகளும் அலையை மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987-இல் திறக்கப்பட்ட காட்சியகத்தில் சுமார் 25 லட்சம் லிட்டர் கொண்ட பவளத் தொட்டிக்கு அலை எழுப்பும் எந்திரம் பொருத்தினர். 1991-இல் மனிதர்கள் உள்ளே புகுந்து வாழத் தொடங்கிய அரிசோனாவின் 'பயோஸ்பியர் 2' கட்டடத்தின் சிறு கடலில், நீரை வெற்றிடத்தால் மேலே உறிஞ்சிப் பிறகு விடுவித்து அலை உண்டாக்கினர். ஆராய்ச்சியாளரும் காட்சியகத்தாரும் அலைக்கு இவ்வளவு மதிப்பளித்தபோது, வீட்டுத் தொட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒற்றை எண் போதும் என்று சொல்லப்பட்டது. இது எளிமையாக்கல் அன்று. பொருளை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டதாகும்.

ஊஞ்சல் அலை

அண்மைக் காலத்தில் அகன்ற விசிறி போன்ற சுழலிகளைக் கொண்ட பம்புகள் வந்துள்ளன. இது நல்ல முன்னேற்றம். குறுகிய வாயால் சிறிதளவு நீரை வேகமாகத் தள்ளுவதற்குப் பதிலாக, இவை மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளுகின்றன. நான்கு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால், நீருக்குக் கொடுக்கும் ஆற்றல் அதே அளவுதான். ஆனால் தள்ளுவிசை இரு மடங்கு ஆகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டை வைத்து மாற்றி மாற்றி இயக்கினால் நீர் போய்வரும்.

இதே பம்பைத் தொட்டியின் இயல்பான அலைவு நேரத்திற்கு இசைய விட்டுவிட்டு இயக்கினால், ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுவதுபோல் நீர் முழுவதும் ஆடத் தொடங்கும். இதுவே ஒத்ததிர்வு. நமது 120 செ.மீ. தொட்டிக்கு இந்நேரம் ஏறத்தாழ 1.3 வினாடி. நீர்மட்டம் இரு முனைகளிலும் மாறி மாறி ஏறி இறங்குவது காண்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் இந்த வியப்பிலும் ஓர் ஏமாற்றம் ஒளிந்துள்ளது.

சுவரருகே நீர்மட்டம் மிகுதியாக ஏறி இறங்குகிறது. ஆனால் அங்கே பக்கவாட்டு ஓட்டம் ஏறக்குறைய இல்லை. தொட்டியின் நடுவிலோ நீர்மட்டம் அசைவதே தெரியாது. ஆனால் அங்கேதான் நீர் மிக வேகமாகப் போய்வருகிறது. கண்ணுக்குத் தெரியும் அலையை நம்பிப் பவளத்தைச் சுவரோரம் வைத்தவர் ஏமாந்தார்! மேலும், ஓயாது ஆடும் நீரின் சுமை கண்ணாடிகளின் ஒட்டுகளை வருத்தும். தொட்டியின் வலிமையை அறியாமல் இதில் இறங்குவது ஆபத்து.

இதை நீங்களே சோதிக்கலாம். 40 செ.மீ. நீளமுள்ள தட்டையான தட்டு ஒன்றில் 5 செ.மீ. ஆழத்திற்கு நீர் விடுங்கள். அடியில் நடுவிலும் ஓரத்திலும் சிறிது தேயிலைத் தூளைத் தூவுங்கள். தட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்கி இறக்கி நீரை ஆடவிடுங்கள். பத்து ஆட்டங்களுக்குச் சுமார் 12 வினாடி ஆகும். நடுவில் உள்ள தூள் முன்னும் பின்னும் ஓடும்; ஓரத்தில் உள்ளது ஏறக்குறைய கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிறகு ஒரே அளவுள்ள கற்கண்டுத் துண்டுகள் மூன்றை எடுத்து, ஒன்றைத் தட்டின் நடுவிலும், ஒன்றை ஓரத்திலும், மற்றொன்றை அசையாத வேறு பாத்திரத்திலும் இட்டு, தட்டை மட்டும் ஆட்டுங்கள். எது முதலில் கரைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரியான அளவுகோல்

கற்கண்டுச் சோதனை விளையாட்டு அன்று. கடலாய்வாளர்கள் பயன்படுத்தும் முறையின் தம்பிதான் அது. மாக்ஸ்வெல் டோட்டி என்னும் ஹவாய் அறிஞர் 1971-இல் ஒரு முறையை வெளியிட்டார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டிகளைச் செய்து, உலர்த்தி எடைபோட்டு, கடலடியில் பல இடங்களில் வைப்பது. குறித்த காலம் கழித்து எடுத்து மீண்டும் எடைபோடுவது. எங்கே நீரசைவு மிகுதியோ அங்கே எல்லைப் படலம் மெலியும். கட்டியும் மிகுதியாகக் கரையும். பவளத்திற்கு எது தேவையோ, அதற்கு மிக நெருக்கமான ஒன்றை இம்முறை அளக்கிறது. தொட்டியின் ஆறு இடங்களில் ஆறு கட்டிகளை வைத்தால், மடங்குக் கணக்கு மறைத்த வேறுபாடுகளெல்லாம் தராசில் வெளிப்படும்.

இந்த அளவுகோலையும் கண்மூடி நம்புவதற்கில்லை. நேரோட்டம், அலையோட்டம், சுழற்சி ஓட்டம் ஆகிய வெவ்வேறு வகை ஓட்டங்களைக் கட்டி கரைந்த அளவை மட்டும் வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்று எல்கா போர்ட்டரும் பிறரும் 2000-ஆம் ஆண்டில் எச்சரித்தனர். ஆகவே, ஒரே தொட்டியில் ஒரே வகை ஓட்டத்தில் இடத்திற்கு இடம் ஒப்பிடவே இதைக் கொள்ள வேண்டும்.

எடைபோட வசதியில்லாதவர் கண்ணை நம்பலாம். இரையைத் தூவியபின் ஒரு துகள் 30 செ.மீ. தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது? பாலிப்பின் உணர்கொம்புகள் ஒரே பக்கம் சாய்ந்தே இருக்கின்றனவா, திசைமாறி ஆடுகின்றனவா? கிளைகளின் நடுவே வண்டல் படிந்துள்ளதா? இக்கேள்விகளுக்கு விடை காண்பவர் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைத் தேட மாட்டார்.

நடுநிலையோடு

மடங்குக் கணக்கின் சார்பில் பேச எதுவுமே இல்லையா? உண்டு. நீர் வடிகட்டியின் வழியே மணிக்கு எத்தனை முறை செல்கிறது என்று அறிய அது பொருத்தமான கணக்கு. புதிதாகத் தொடங்குபவர் மிகச் சிறிய பம்பை வாங்கிவிடாமல் காக்கவும் உதவும். குறை, கணக்கில் இல்லை. ஒன்றுக்கு உரிய கணக்கை வேறொன்றுக்குப் பயன்படுத்தியதில்தான் குறை.

நமது வாதத்திற்கும் ஒரு திருத்தம் வேண்டும். பவளம் அசையாப் பொருள்போல நீரை எதிர்பார்த்துச் சும்மா இருப்பதாக மேலே எழுதினோம். அது முழு உண்மை அன்று. பவளத்தின் மேல்தோலில் உள்ள குறுஇழைகள் ஓயாது துடித்து, எல்லைப் படலத்திற்குள்ளேயே சிறு சுழல்களை உண்டாக்கிப் பொருள் பரிமாற்றத்தை விரைவுபடுத்துகின்றன என்பதை 2014-இல் ஓர் ஷபிரோவும் உடன் ஆய்ந்தோரும் நுண்ணோக்கி வழியே காட்டினர். பவளமும் தன்னால் இயன்றவரை நீரைக் கலக்குகிறது. ஆனால் வெளியே உள்ள நீரே தேங்கிவிட்டால் அந்தச் சிறு துடிப்பு எவ்வளவுதான் செய்யும்?

மிகையும் கேடே என்பதையும் மறக்கக் கூடாது. ஓட்டம் அளவு மீறினால் பாலிப் கொம்புகளை உள்ளிழுத்துக்கொள்ளும். இரையைப் பிடிக்க இயலாது. வேண்டுவது வலிய ஓட்டம் என்பதைவிட, மாறும் ஓட்டம் என்பதே சரி.

தமிழ்நாட்டில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை ஒட்டிப் பவளத்திட்டுகள் உள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் கூடி அங்கும் பவளங்கள் வெளுத்தன. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். எனவே வீட்டில் பவளத் தொட்டி வைக்கும் ஆசையை உங்களிடம் மூட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாளை நீங்கள் ஒரு காட்சியகத்தில் பவளத் தொட்டியின் முன் நிற்கலாம். அல்லது கடலாய்வு பயின்று, அழிந்த திட்டுகளில் பவளத்தை மீண்டும் நடும் பணியில் ஈடுபடலாம். அப்போது, "இங்கே எத்தனை லிட்டர் நீர் ஓடுகிறது?" என்று கேட்காதீர்கள். "இந்தக் கிளையின் நடுவே நீர் போய்வருகிறதா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு விற்பனையாளர் விடை சொல்லிவிடுவார். இரண்டாம் கேள்விக்குப் பவளம்தான் விடை சொல்ல வேண்டும்.